நல்லூரும் சுவரிலுள்ள படங்களும்

யாழ்ப்பாணத்துக்கு வருபவர் எவரும் நல்லூரைக் காணாது திரும்புவது அரிது. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறிவிட்டால், இருபத்தைந்து நாட்களுக்குக் கந்தசுவாமி கோயிலின் வெளிவீதி முழுவதும் மணலும் மக்களுமாகவே காட்சியளிக்கும். ஆடவர் மேலாடை களைந்து வேட்டியுடன் உட்செல்வர். பெண்கள் அடியளித்து வலம் வருவர். தமிழரசர்களின் இராசதானியாக விளங்கிய ஊர் இது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேறா 1621ஆம் ஆண்டில் இடித்தான். இன்று நாம் வணங்கும் கோயில் 1734ஆம் ஆண்டளவில் எழுந்தது. சங்கிலித்தோப்பு வளைவும், மந்திரிமனையும், யமுனா ஏரியும் இன்னும் பழமையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. ஆறுமுக நாவலர் 1822இல் பிறந்ததும் இவ்வூரிலேயே.

இவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நாம் எழுதப் புகுந்தது கோயிலைச் சூழ்ந்த ஒழுங்கைகளில் உள்ள வீடுகளின் உட்சுவரைப் பற்றி.

படலையைத் திறந்து முற்றத்தைக் கடந்து விறாந்தையில் ஏறினால், முன்மண்டபச் சுவரில் வரிசையாகப் படங்கள் தொங்கும். தலைப்பாகை அணிந்த பாட்டனார் ஒருவர், நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிய பாட்டியார், கலியாணப் படம், பட்டம் பெற்ற மகனின் படம். இவ்வரிசையின் கடைசியில், மாலை காய்ந்தபடி ஓர் இளம்பிள்ளையின் படமும் பல வீடுகளில் உண்டு. சில வீடுகளில் அந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கும். ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு சற்று வெளுத்திருக்கும். விருந்தினர் அதைக் கவனித்தாலும் கேட்பதில்லை, ஊர்வழக்கம் அப்படி.

போராட்ட இயக்கத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் இட்ட பெயர் வேறு, இயக்கப் பெயர் வேறு. பெற்றோர் பலருக்குப் பின்னையதே தெரியாது. ஆகையால் பத்திரிகையில் ஒரு பெயர் வந்தபோது அது தம் பிள்ளையின் பெயர் என்பதை அறியாமலே புரட்டிப் போனவர்கள் உண்டு. முகத்தைக் கண்ட பிறகே உண்மை தெரியும். போர்க்காலக் குழுப்படங்களில் பத்துப் பதினைந்து பேர் ஒரே வரிச்சீருடையில், கழுத்தில் நஞ்சுக்குப்பி தொங்கும் நூலுடன், மரநிழலில் நிற்பார்கள். எல்லார் முகத்திலும் ஒரே வெயில், ஒரே வயது. அத்தகைய படமொன்று கையிற் கிடைத்தால் தாய்மார் முதலிற் பார்ப்பது கண்ணையோ மூக்கையோ அன்று. ஒரு தாய் காதின் வளைவைப் பார்ப்பார். மற்றொருவர் சிறுவயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து புருவத்திற் பட்ட தழும்பைத் தேடுவார். தந்தையார் நிற்கும் விதத்தைப் பார்ப்பார். ‘உவன் எங்கட பிள்ளைதானோ, ஒருக்கால் வெளிச்சத்தில பிடி மேனை’ என்று பேரப்பிள்ளையிடம் படத்தை நீட்டுவதுண்டு. பேரனோ அம்முகத்தை நேரிற் கண்டதேயில்லை.

இறந்த போராளிகளின் உடல்கள் துயிலுமில்லங்களிற் புதைக்கப்பட்டன. நல்லூருக்கு வடகிழக்கே அண்மையிலுள்ள கோப்பாயில் அமைந்த துயிலுமில்லம் 1990களின் தொடக்கத்தில் உண்டாயிற்று. உடல் கிடைக்காதவர்களுக்கு வெறும் நினைவுக்கல் நாட்டினர். இராணுவம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அஃது இடிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் மீளவும் கட்டப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னர் மறுபடியும் தரைமட்டமாயிற்று. 2011இல் அவ்விடத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. கல்லும் போய்விட்ட நிலையில், பெற்றோருக்கு எஞ்சியது படமே. போராளிகளின் போக்கை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. அவ்விவாதம் ஒரு தாயின் கையிலுள்ள படத்தைப் பொறுத்தவரை வேறு காரியம் என்றே நமக்குப் படுகிறது.

ஆனால் அந்தப் படத்தைக் காப்பாற்றுவதும் எளிதாக இருக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் யாவரும் ஒரே இரவில் வீட்டைவிட்டு வெளியேறினர். மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் செம்மணி வெளியூடாக இலட்சக்கணக்கானோர் அங்குலம் அங்குலமாக நகர்ந்தனர். றங்குப்பெட்டியைத் தூக்க முடியாதவர்கள் படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றி மார்போடு வைத்துக் கொண்டனர். கழற்ற நேரமில்லாதவர்கள் விட்டுச் சென்றனர். 1996ஆம் ஆண்டு சித்திரை, வைகாசியில் திரும்பி வந்தபோது கூரையில்லா வீடுகளில் கறையான் அரித்த கடதாசிகளே பலருக்கு மிஞ்சின.

இராணுவச் சோதனைகள் மிகுந்த காலத்தில் சீருடைப்படம் ஒன்று வீட்டில் அகப்படுவது ஆபத்து. சிலர் அதை அடுப்பிலிட்டனர். சிலர் பொலித்தீன் பையிற் சுற்றி வாழையடியிற் புதைத்தனர். புதைத்த இடத்தைக் கணவருக்குக்கூடச் சொல்லாத மனைவியர் இருந்தனர் என்பர். பிற்காலத்தில் வேறொரு உபாயமும் உண்டாயிற்று. கணினியில் தேர்ந்த படப்பிடிப்பாளரிடம் கொடுத்துச் சீருடையை நீக்கி, வெள்ளைச் சட்டை அணிவித்துப் பெற்றுக்கொள்வது. முகம் மகனுடையது; சட்டை யாருடையதோ. அப்படத்தைப் பார்க்கும் அயலார், மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளையென்றே எண்ணிக்கொள்ளலாம்.

இனி, போராளியாகவே இராதவர்களின் படங்களுக்கு வருவோம். 1996ஆம் ஆண்டில் மட்டும் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 600 பேர் காணாமற் போனதாக அனைத்துலக மன்னிப்புச் சபை கணக்கிட்டது. காவலரணில் மறிக்கப்பட்டவர்கள், வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்கள், சைக்கிளிற் கடைக்குப் போனவர்கள். அவர்களுடைய தாய்மார் கையிற் கொண்டு திரிந்தது பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த சிறுபடத்தைப் பெருப்பித்த பிரதியே. பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் மங்கிப் புள்ளிகளாய்ச் சிதறும். ஆயினும் தாய் அதைச் சரியாகப் பிடித்துக் காட்டுகிறார், பார்ப்பவர் தலையசைக்கிறார்.

நல்லூரிலிருந்து கிழக்கே போகும் செம்மணி வீதியில் இரண்டு மைல் அளவு சென்றால் வயல்வெளியும் உப்புத்தரவையும் வரும். ஒரு பள்ளி மாணவியின் கொலை வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற படைவீரன் ஒருவன், முந்நூறு நானூறு உடல்கள் அங்கே புதைக்கப்பட்டுள்ளன என்று நீதிமன்றத்திற் கூறினான். 1999இல் அகழ்ந்தபோது 15 எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் இரண்டு, 1996இல் காணாமற் போன இளைஞர்களுடையவை என அடையாளங் காணப்பட்டன. அத்தோடு அகழ்வு நின்றது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த வயல்களைக் கடந்து பஸ் வண்டிகள் போய்வந்தன.

2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் எரியூட்டி அமைக்க மண்ணைத் தோண்டிய தொழிலாளர் எலும்புகளைக் கண்டனர். யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் பேராசிரியர் ராஜ் சோமதேவா தலைமையில் அகழ்வு நடைபெற்றது. செப்டெம்பர் மாதம் வரையில் ஏறக்குறைய 240 எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. அவற்றுட் சிறு பிள்ளைகளுடையவையும் இருந்தன. ஓர் எலும்புக்கூட்டுடன் நீலநிறப் பாடசாலைப் பையொன்றும், விளையாட்டுப் பொம்மையும் கிடைத்த செய்தி ஊரெங்கும் பரவியது.

அவ்வாண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள் பிற்பகலில், மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் பொதுமக்கள் பார்வையிட்டு அடையாளங் காட்டுமாறு மயானத்தில் வைக்கப்பட்டன. நல்லூரிலே திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு வீதியில் காவடியும் தூக்குக்காவடியும் போய்க்கொண்டிருக்க, கிழக்கே போன வீதியில் முதியவர்கள் கையில் பழைய படங்களுடன் வரிசையில் நின்றனர். துணித்துண்டுகள், வளையல்கள், செருப்புகள் ஆகியவற்றைக் குனிந்து குனிந்து பார்த்துச் சென்றனர்.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் உண்டு. படம் என்பது பெரும்பாலும் நல்ல நாளில் எடுப்பது. தைப்பொங்கலுக்கு வாங்கிய சட்டை, பள்ளிப் பரிசளிப்புக்கு அணிந்த காற்சட்டை ஆகியவையே படத்தில் இருக்கும். பிடிபட்ட அன்று பிள்ளை உடுத்திருந்தது வீட்டிலே கிடந்த பழைய சாரமாக இருக்கலாம். ஆகவே படத்திலுள்ள துணியும் மண்ணிலுள்ள துணியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதில்லை. தாயின் ஞாபகமே சாட்சி. கழுத்துப் பட்டியைத் தான் தைத்த விதம், பொத்தான் ஒன்று வேறு நிறம் என்பது போன்றவை. ஒரே துணியில் அயலார் பலர் சட்டை தைத்துக்கொண்ட காலமாகையால் அதுவும் ஏமாற்றக்கூடும்.

பொஸ்னியாவில் 1995ஆம் ஆண்டு சிரபிரெனிக்காவிற் கொல்லப்பட்ட எண்ணாயிரம் பேரளவிலானோருக்கும் இவ்வாறே செய்து பார்த்தனர். உடலோடு கிடைத்த உடைகளையும் பொருட்களையும் படம்பிடித்து, செஞ்சிலுவைச் சங்கத்தினர் புத்தகமாக்கி உறவினரிடம் காட்டினர். சிலவே பயன் தந்தன; சிலவற்றில் தவறும் நேர்ந்தது. 2001ஆம் ஆண்டு முதல் உறவினரின் இரத்தத்தை எலும்பின் மரபணுவோடு ஒப்பிடத் தொடங்கிய பின்னரே பெரும்பாலோர் பெயர் பெற்றனர். ஏழாயிரத்தை அண்மித்தவர்கள் அம்முறையால் அறியப்பட்டனர். செம்மணியிலும் அதுவே வேண்டும். இதில் காலந்தாழ்த்துவது பெரும் பிழை. இரத்தம் கொடுக்கவேண்டிய தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கின்றனர். 1996இல் இருபது வயதில் போன மகன் உயிரோடு இருந்திருந்தால் 2025இல் நாற்பத்தொன்பது வயது. தாய்க்கு எழுபதுக்கு மேல்.

வன்னியில் 2009ஆம் ஆண்டு வைகாசியில் சரணடைந்தவர்களின் உறவினரும் படங்களையே நம்பினர். 2015ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின்போது வெளியான துண்டுப்பிரசுரமொன்றிலே, வேட்பாளரின் அருகில் பாடசாலைச் சீருடையில் நின்ற சிறுமியர் நடுவில் தன் மகளைக் கண்டதாக வன்னித் தாயொருவர் கூறினார். அந்தத் துண்டுப்பிரசுரத்தையே பெருப்பித்துப் பதாகையாக்கி ஆண்டுக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்தார். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டக் கொட்டகைகளிலும் சுவர் நிறையப் படங்களே. காணாமற் போனோர் அலுவலகத்தின் யாழ்ப்பாணக் கிளை 2019இல் திறக்கப்பட்டபோதிலும், அதனை நம்பாமல் வெளியில் நின்று எதிர்த்தவர்களே மிகுதி.

தெற்கிலும் இவ்வாறான வீடுகள் உள்ளன என்பதை நாம் மறப்பதற்கில்லை. 1996இல் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட படைவீரர் இறந்தனர். பலருடைய உடல் வீடு சேரவில்லை. பரணகம ஆணைக்குழுவுக்கு வந்த இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முறைப்பாடுகளில் ஏறக்குறைய ஐயாயிரம் படையினரின் குடும்பங்களிலிருந்து வந்தவை. சிங்களக் கிராமத்து மண்வீட்டுச் சுவரிலும் தொப்பியணிந்த இளைஞன் ஒருவன் இருக்கிறான்.

நல்லூருக்குத் திரும்புவோம். கோயிலின் பின்வீதியில் திலீபன் நினைவிடம் இருக்கின்றது. 1987ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் கோயில் வீதியில் உண்ணாநோன்பு தொடங்கிய அவர் 26ஆம் நாள் உயிர் நீத்தார். நினைவுத்தூபி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இடிக்கப்பட்டது. மக்கள் மீண்டும் மீண்டும் கூடுகின்றனர். அண்மை ஆண்டுகளின் நவம்பர் மாதங்களில் அதனையடுத்து, போரில் இறந்த போராளிகளின் பெயர்களைத் தாங்கிய பலகைகள் வரிசையாக வைக்கப்பட்டதுண்டு. மாலையானதும் குடும்பங்கள் வருவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தித் தேடுவர். முதலில் வீட்டுப் பெயர், பின்னர் ஊர், பின்னர் மாவட்டம். சிறுவர்கள் கைத்தொலைபேசியில் விளக்கேற்றிக் கொடுப்பர். பெயரைக் கண்டவர்கள் அதன் அடியில் ஒரு செவ்வரத்தம்பூவை வைத்துச் செல்கின்றனர். படத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் அதை மடியிற் செருகிக்கொண்டு அடுத்த பலகைக்குப் போகின்றனர்.