பட்டை அச்சிடுகிறவர்கள்

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே ஸ்க்ரீன், அதே ஸ்க்வீஜி. மை மட்டும் வேறு. ரத்தத்தில் புற்றுநோய்க் குறிப்பான்களைத் தேடும் மின்வேதி உணரிகளைக் குறைந்த செலவில் செய்யும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், நான் அதிக நேரம் நின்றது அச்சு மேசையருகேதான்.

அங்குள்ள டெக்னீஷியன் முன்பு ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். பாலியெஸ்டர் தாளை மேசையில் டேப் போட்டு ஒட்டினார். ஸ்க்ரீனை இறக்கி, மேல் விளிம்பில் கார்பன் மையை வழித்துவிட்டு, ஸ்க்வீஜியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. ஸ்க்ரீனைத் தூக்கியதும் தாளில் வரிசை வரிசையாகக் கறுப்புக் கோடுகள்; அவைதான் மின்வாய்கள். “அழுத்திட்டா மை கசிஞ்சிடும் சார். லேசா இழுத்தா கோடு நடுவுல அறுந்துடும்” என்றார். பிறகு ஒப்பீட்டு மின்வாய்க்கு வெள்ளி, வெள்ளி குளோரைடு கலந்த மை. ஓவனில் உலர்த்திப் பட்டைகளாகக் கத்தரிக்கிறார்கள். நுனியில் சிறு வட்டத்தை விட்டுவிட்டு மீதிக் கோடுகளை மூட ஒரு காப்புப் பூச்சு வேண்டும். அதற்கு இவர்கள் எடுப்பது கடையில் விற்கும் நெயில் பாலிஷ்.

அடுத்த வேலை ஆய்வு மாணவியுடையது. வட்டத்தின் மேல் ஒரு சொட்டு ஆன்டிபாடி. அது ஒட்டியதும், மிச்சமுள்ள வெற்றிடங்களை வேறொரு புரதத்தால் அடைக்கிறார். புராஸ்டேட் புற்றுநோய்க் குறிப்பானான பி.எஸ்.ஏ. அந்த ஆன்டிபாடியில் வந்து சிக்கினால், கரைசலுக்கும் மின்வாய்க்கும் இடையே எலெக்ட்ரான் போகும் வழி அடைபடும், மின்னோட்டம் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதே கணக்கு.

சர்க்கரை பார்க்கும் பட்டையும் இந்தக் குடும்பம்தான். அதற்கு 1962இல் கிளார்க், லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள் வழிகாட்டினார்கள். இன்று எத்தனையோ வீடுகளில் அது இருக்கிறது. புற்றுநோய்ப் பட்டை ஏன் அப்படி வரவில்லை? ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 1 மில்லிகிராம். பி.எஸ்.ஏ.வில் மருத்துவர்கள் வழக்கமாகக் கவனிக்கும் எல்லையோ 4 நானோகிராம். இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு! அந்த அளவில், ஒரு வட்டம் இன்னொன்றைவிடச் சற்றே பெரிதாக அச்சானாலும் மின்னோட்டம் மாறும். இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும், இருப்பது மறைந்துவிடும்.

ஆகவே ஆன்டிபாடி வைக்குமுன்பே வெறும் பட்டைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறார்கள். திரையில் வரும் வளைவு மற்றவற்றோடு பொருந்தாவிட்டால் பட்டை குப்பைக் கூடைக்கு. “அண்ணே, இந்த ஷீட் நல்லா வந்திருக்கு” என்று மாணவி குரல் கொடுத்ததும் டெக்னீஷியன் மை துடைத்த கையோடு எழுந்து வந்து பார்த்தார். இன்னொரு தொல்லையையும் மாணவி சொன்னார்: “பஃபர் கரைசல்ல அழகா வருது. ரத்த சீரம் வச்சா மத்த புரதமெல்லாம் வந்து ஒட்டிக்குது.”

பி.எஸ்.ஏ. கூடியிருந்தாலே புற்றுநோய் என்று ஆகிவிடாது. சுரப்பி பெருத்தாலும் அழற்சி வந்தாலும் கூடும். உறுதி செய்வது பயாப்ஸிதான். ஆனாலும் பெரிய லேப் இல்லாத ஊரில், யாரை மேல்பரிசோதனைக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க இப்படியொரு பட்டை அவசியம் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடித்தோம் என்பதில் போட்டி போடுகின்றன. நூறு பட்டைகளும் ஒரே மாதிரி வந்தனவா என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. நிதி ஒதுக்குகிறவர்கள் அந்த அச்சு மேசைக்கும், அங்கே நிற்பவரின் சம்பளத்துக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.