கோபுரக் கரை

சென்ற தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், நானும் என் மனைவியும் தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரத்திற்குப் புறப்பட்டோம். அன்னை காமாட்சியைத் தரிசிப்பது முதல் நோக்கம். இரண்டாவது நோக்கம், வெள்ளை மல் துணியில் சுற்றப்பட்டு என் மனைவியின் மடியில் இருந்தது. 1984ஆம் ஆண்டு எங்கள் திருமணத்தன்று அவள் உடுத்திய கூறைப்புடவை அது. அரக்கு நிற உடல், பச்சைக் கரை. உடலும் கரையும் சந்திக்கும் இடம் முழுவதும் சின்னஞ்சிறு கோபுரங்கள் வரிசையாக எழுந்து நிற்கும்.

வருகிற வைகாசியில் எங்கள் மகனுக்குத் திருமணம். மருமகளாக வரவிருக்கும் பெண் இந்தப் புடவையை ஒருநாள் தடவிப் பார்த்துவிட்டு, "அத்தை, எனக்கும் இதே கரை கிடைக்குமா?" என்று கேட்டாள். சென்னையில் நான்கைந்து கடைகள் ஏறி இறங்கினோம். கோபுரம் போட்ட புடவைகள் பல இருந்தன. என் மனைவி ஒவ்வொன்றின் பின்புறத்தையும் விரலால் வருடிப் பார்த்து, "இது கோர்வை இல்லை" என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பழைய பட்டு வாங்குபவர் ஒருவர் முந்தைய ஆண்டு எங்கள் வீட்டிற்கு வந்து, இந்தப் புடவையைத் தராசில் வைத்து, ஜரிகையின் வெள்ளிக்கு ஒரு விலை சொன்னார். நகைக்கடன் கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்த வங்கி அதிகாரி நான். விலை நியாயம் என்றே எனக்குப் பட்டது. என் மனைவி ஒன்றும் பேசாமல் புடவையைத் தராசிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று இரவு வரை என்னிடமும் அதிகம் பேசவில்லை.

காமாட்சி அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைக்குரிய கூட்டம். அன்னை பத்மாசனத்தில் அமர்ந்திருக்க, எதிரே ஸ்ரீசக்கரம்; குங்கும அர்ச்சனை அதற்கே நடைபெறுகிறது. மேல்நோக்கிய நான்கு முக்கோணங்களும் கீழ்நோக்கிய ஐந்தும் ஒன்றையொன்று ஊடுருவி, 43 சிறு முக்கோணங்களாக விரியும் அமைப்பு அது. பிரசாதத்துடன் வெளியே வரும்போது என் மனைவி, "ஒன்றுக்குள் ஒன்று எப்படிக் கோத்திருக்கிறது பார்த்தீர்களா?" என்றாள். அவள் மனம் அன்று கோர்வையிலேயே இருந்தது.

அங்கிருந்து ஏகாம்பரநாதர். கிருஷ்ணதேவராயர் 1509ஆம் ஆண்டில் எழுப்பிய, ஒன்பது நிலைகளும் 190 அடிக்குக் குறையாத உயரமும் கொண்ட ராஜகோபுரத்தின் எதிரே, தெருவோரத்தில் நின்று, புடவைக் கரையில் ஒரு முழம் மட்டும் பிரித்துப் பிடித்தாள். நான் கோபுரத்தையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தேன். அடியில் அகன்று, நிலைக்கு நிலை சிறுத்து, உச்சியில் கூர்மை பெறும் அதே படிக்கட்டு அமைப்பு. நாற்பது ஆண்டுகளாக எங்கள் பீரோவில் இருந்த ஒன்றை நான் அன்றுதான் பார்த்தேன் என்பதில் எனக்கே வெட்கம்.

உள்ளே தல விருட்சமான மாமரத்தை வலம் வந்தோம். ஏக ஆம்ரம், அதாவது ஒற்றை மாமரம் என்பதே ஏகாம்பரம் ஆயிற்று என்பர். பட்டில் காணும் மாங்காய்ப் புட்டா இந்த மரத்திலிருந்து இறங்கியது என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் காஷ்மீரத்துச் சால்வையிலும் மாங்காய் உண்டு. ஆகவே அந்தப் பெருமையை உரிமை கொண்டாடாமல் விடுகிறேன்.

கயிலாசநாதர் கோயில் ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மணற்கல் கோயில். கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய வழியில் தவழ்ந்து வலம் வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. என் முழங்கால்கள் இன்னொரு பிறவிக்கு இசைந்துவிட்டதால் வெளியிலேயே நின்றேன். தூண்களின் அடியில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் சிங்கங்களை எண்ணியபடி என் மனைவி, தன் பாட்டி சொல்லிக்கொடுத்த கரைப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாளி, அன்னப்பட்சி, இருதலைப்பட்சி, மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு, தாழம்பூ, வைரஊசி, வங்கி. கல்லில் கண்டது பாதி. தோட்டத்திலும் கூரையிலும் கண்டது பாதி. கழுத்திலும் கையிலும் அணிந்தது மீதி. கோயிலுக்குப் போகும் வழியில் ஒருவர் கண்ணில் படும் அனைத்துமே பெயர் பெற்றுக் கரையில் வந்து அமர்ந்திருக்கின்றன.

கயிலாசநாதருக்கு அருகிலேயே பிள்ளையார்பாளையம். பட்டு நெசவாளர் வாழும் பகுதி. நான் அறியாத ஊரன்று. 1988 முதல் மூன்றாண்டுகள் இந்த ஊரில்தான் வங்கிப் பணி. தறிக்கடன் கொடுத்த வீடுகளுக்குச் சென்று, தறி இருக்கிறதா, ஓடுகிறதா, பாவு ஏறியிருக்கிறதா என்று பார்த்து எழுதி வருவேன். இப்போது தெருவில் தறியோசை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே கேட்டது. பழைய அலுவலக நண்பர் ஒருவர் சொல்லியனுப்பிய நெசவாளரின் வீட்டைக் கண்டுபிடித்தோம். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். குழித்தறியிலிருந்து எழுந்து வந்து, கைகளைத் துடைத்துக்கொண்ட பிறகே புடவையைத் தொட்டார்.

முதலில் எங்களுக்குக் கிடைத்தது கண்டிப்பு. "ஒரே மடிப்பில் வைத்திருக்கிறீர்கள் அம்மா. மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கிறது பாருங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்ற வேண்டும். பூச்சி உருண்டை ஜரிகையில் படவே கூடாது, கறுத்துவிடும்." வாசக அன்பர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு கரையைப் பின்புறம் திருப்பி, என் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டினார். உடலும் கரையும் சேரும் இடத்தில் மெல்லிய மேடு தட்டியது. அதுதான் கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. ஒவ்வோர் ஊடையிலும் அரக்கு இழையும் பச்சை இழையும் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றித் திரும்புகின்றன. அதனால்தான் கரையில் உடலின் நிறம் கலப்பதில்லை. நேர்கோட்டில் சேர்த்தால் இழுவிசை முழுவதும் ஒரே கோட்டில் விழும். கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கிச் சேர்த்தால் பிடிப்பு பரவலாகும் என்றார் அவர். அழகுக்கு என்று நான் நினைத்திருந்தது உறுதிக்கும் ஆயிற்று.

"மூன்று நாடாவை ஓர் ஆளால் ஓட்ட முடியாது சார். தறியின் மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்து அந்தக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இப்போது ஆள் இல்லை."

"முன்பெல்லாம் யார் உட்காருவார்கள்?" என்று கேட்டாள் என் மனைவி.

"பிள்ளைகள்தான் அம்மா. நான் எட்டு வயதில் உட்கார்ந்தேன். விடியற்காலையில் எழுப்பி உட்கார வைப்பார் அப்பா. கால் தொங்காது, பலகை போட்டுக் கொடுப்பார்கள்."

நான் தலை குனிந்தேன். அந்தப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கையில் கோப்புடன் நுழைந்தபோது, தறியின் மறுபக்கத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. ஆயினும் சட்டம் வந்த மறுநாளே தறி மாறிவிடவில்லை. என் அறிக்கைப் படிவத்தில் தறிகளின் எண்ணிக்கைக்குக் கட்டம் இருந்தது, பாவின் மதிப்புக்குக் கட்டம் இருந்தது. பிள்ளைகளுக்குக் கட்டம் இல்லை. நானும் ஓரத்தில் ஒரு வரி எழுதவில்லை. நெசவாளரிடம் இதைச் சொன்னேன். அவர், "நீங்கள் எழுதியிருந்தால் அப்பாவுக்குக் கடன் வந்திருக்காது சார்" என்று மட்டும் சொன்னார். அவர் ஆறுதலுக்காகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. அவருடைய பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குச் செல்கிறார்கள். மறுபக்கம் உட்காருபவர் இப்போது அவர் மனைவி.

அந்த அம்மையார் மோர் கொண்டுவந்து கொடுத்து, என் மனைவி உடுத்தியிருந்த கைத்தறிப் பருத்திப் புடவையைப் பார்த்து, "நீங்கள் பட்டு கட்டுவதில்லையா?" என்று கேட்டார். பட்டுப்புழுவைக் கொன்று எடுக்கும் பட்டு வேண்டாம் என்று காஞ்சி மகாபெரியவர் அருளியதைக் கேட்டதிலிருந்து புதுப்பட்டு வாங்குவதில்லை என்று என் மனைவி தயங்கியபடி சொன்னாள். நெசவாளர் வீட்டில் சொல்லத்தக்க செய்தியா அது! அவர் கோபிக்கவில்லை. "பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அம்மா. எங்களுக்குத் தெரிந்தது இந்தத் தறி ஒன்றுதான்" என்றார். "என் விரதம் என்னோடு. ஆசைப்பட்டுக் கேட்ட பெண்ணுக்கு நான் மறுக்க மாட்டேன்" என்றாள் இவள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

கட்டம் போட்ட தாளை எடுத்து, பூதக்கண்ணாடியின் உதவியால் இழைகளை எண்ணி, ஒரு கோபுரத்தை வரையத் தொடங்கினார் நெசவாளர். அரை மணி நேரத்திற்குப் பின் கரையை நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். உள்மடிப்பில் ஒரு கோபுரம் மட்டும் இரண்டு படி குறைந்து, உச்சி மழுங்கி இருந்தது.

"அது எனக்குத் தெரியும். கட்டும்போது அந்த இடம் கையில் பட்டால் உள்தலைப்பு என்று கண்டுகொள்வேன்" என்றாள் என் மனைவி.

நெசவாளர் தம் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "மறுபக்கத்துப் பையன் தூங்கிவிட்டிருக்கிறான் அம்மா. நாடா வரவில்லை. பிறகு தலையில் ஒரு குட்டு வாங்கியிருப்பான். அடுத்த கோபுரம் சரியாக இருக்கிறது பாருங்கள்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. என் மனைவி அந்த மழுங்கிய கோபுரத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"புதுப் புடவையில் இதையும் அப்படியே போடவா, சரி செய்துவிடவா?" என்று கேட்டார் அவர். "சிலர் பழையது போலவே வேண்டும் என்பார்கள்."

"சரி செய்துவிடுங்கள்" என்றாள். "அந்தப் பெண்ணின் புடவையில் யாரும் தூங்கி விழ வேண்டாம். நேரமாகிறது என்று இரவில் உட்காராதீர்கள். சித்திரைக் கடைசியில் கொடுத்தால் போதும்."

அவர் கேட்ட தொகைக்கு நான் பேரம் பேசவில்லை. முன்பணம் கொடுத்தேன். ரசீது எழுத முற்பட்டவரை வேண்டாம் என்று தடுத்தேன். என் பணிக்காலத்தில் அப்படிச் செய்ததில்லை.

மாலையில் சின்னக் காஞ்சிபுரம் சென்று வரதராஜப் பெருமாளைச் சேவித்தோம். 1979ஆம் ஆண்டு அத்திவரதர் எழுந்தருளியபோது என் தாயாருடன் வந்து நின்ற இடங்களைக் கண்கள் தேடின. நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலியை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி குதிரைவீரர் தூண்களுக்கு எதிரே சற்று நின்றுவிட்டு, திருக்குளத்துப் படியில் வந்து அமர்ந்தாள். மல் துணியை விரித்து, அந்த நெசவாளர் சொன்னபடி புடவையின் மடிப்பை மாற்றத் தொடங்கினாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.