ஓடாத காருக்கும் ஒரு சட்டம் உண்டு

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு வாகனம் ஓடாமல் நிற்கும். சில வீடுகளில் அது மோட்டார் சைக்கிள், சில வீடுகளில் முச்சக்கர வண்டி, இன்னும் சில வீடுகளில் லாண்ட்மாஸ்டர். ஓட்டியவர் இல்லை. விற்க மனம் வராது. விற்க நினைத்தாலும் பதிவுப் புத்தகம் அவர் பெயரில் இருக்கும். எனவே தறப்பாள் ஒன்றால் மூடிவிட்டு, அடுப்பு, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எங்கள் பாட்டைப் பார்க்கப் போய்விடுவோம். பிறகு ஒருநாள் உறவுக்காரர் யாராவது வந்து, "சும்மா நிக்கிறதுதானே, ஒருக்கா எடுத்துக்கொண்டு போயிட்டு வாறன்" என்று கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நின்றது ஒரு கார். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய பழைய ஒஸ்ரின் ஏ-40 கார்களில் ஒன்று. பெற்றோல் கிடையாத தொண்ணூறுகளில், சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. பிள்ளைப்பேற்றுக்கு எத்தனையோ பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. 2007 இல் என் கணவர் கடைக்கென்று சைக்கிளில் போனார். திரும்பி வரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கார் கொட்டிலுக்குள் நின்றபடியே நின்றது.

என் தகப்பனார் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கடதாசிகளில் கவனமான மனிதர். அந்தத் துயரத்துக்குள்ளும் அவர் என்னை இருத்தி ஒரு விஷயத்தை விளங்கப்படுத்தினார். "பிள்ளை, வாகனத்துக்கு இரண்டு கடதாசி இருக்கு. ஒன்று வருமான அனுமதிப்பத்திரம். அது அரசாங்கத்துக்குக் கட்டுற காசு. மற்றது காப்புறுதி. அது தெருவில போற சனத்துக்கானது. இரண்டையும் ஒன்றென்று நினைக்காதே" என்றார்.

வருமான அனுமதிப்பத்திரத்தை ஒவ்வோர் ஆண்டும் பிரதேச செயலகத்தில் புதுப்பிக்க வேண்டும். வாகனத்தை ஓட்டப்போவதில்லை என்றால், அதை உரிய இடத்தில் எழுத்தில் அறிவிக்க ஓர் ஒழுங்கு உண்டு. அறிவிக்காமல் விட்டால், பிறகு புதுப்பிக்கப் போகும்போது நிலுவையும் தண்டமும் சேர்ந்து நிற்கும். பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியை இணைத்து, கார் ஓடாமல் நிற்கிறது என்று அப்பா கடிதம் எழுத, நான் கையொப்பம் இட்டேன். அந்தக் கடிதத்தின் பிரதியை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த அறிவிப்பு வாகனத்தை நிறுத்தி வைப்பதற்கு மட்டுமே. தெருவில் இறக்குவதற்கு அது அனுமதி அல்ல. எங்கள் நாட்டின் 1951 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் தெருவில் பயன்படுத்தக் கூடாது. தூரம் குறைவு என்பதோ, திருத்துமிடத்துக்குத்தான் கொண்டுபோகிறோம் என்பதோ அதற்குப் பதிலாகாது.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றால் என்னவென்று பல பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காப்புறுதி செய்கிறவர் முதல் தரப்பு. காப்புறுதி நிறுவனம் இரண்டாம் தரப்பு. எங்கள் வாகனத்தால் அடிபடுகிற, எங்களுக்கு முன்பின் தெரியாத மனிதர்தான் மூன்றாம் தரப்பு. இந்தக் காப்புறுதி எங்கள் காரின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது. அதற்கு முழுக் காப்புறுதி வேண்டும், அதன் கட்டணமும் மிக அதிகம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருப்பது அடிபட்டவரின் காயத்துக்கும் உயிருக்கும். அதனால்தான் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது.

இதன் பெறுமதியை எங்கள் ஒழுங்கையில் 2012 இல் பார்த்தோம். தையல் தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்து வந்த ஒரு பெண். அவருடைய கணவரும் யுத்தத்தில் இறந்தவர். சந்தைக்கு நடந்து போனவரை ஒரு வான் மோதியது. அந்த வான் ஆண்டுக்கணக்காக ஒரு வீட்டுக் கோடிக்குள் நின்றது. அன்றைக்குத்தான் திருத்துவதற்கென்று வெளியே எடுத்திருந்தார்கள். பிறேக் பிடிக்கவில்லை. காப்புறுதி எப்போதோ முடிந்திருந்தது.

அவருடைய வலது கால் முறிந்தது. தையல் மெஷினை மிதிக்கிற கால் அதுதான். ஓட்டி வந்தவர் கெட்டவர் அல்லர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். ஆனால் அவரிடமும் ஒன்றும் இல்லை. நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம், இல்லாதவரிடம் எதை வாங்குவது? அவர் சிறுகச் சிறுகக் கொடுத்த காசு மருந்துக்கும் போக்குவரத்துக்கும் போதவில்லை. காப்புறுதி நடைமுறையில் இருந்திருந்தால், நீதிமன்றம் தீர்க்கும் தொகையைக் காப்புறுதி நிறுவனம் கொடுக்க வேண்டி வந்திருக்கும். அந்த வானை ஓட்டியவர் சேமித்தது ஓர் ஆண்டுக் கட்டணம். அந்தப் பெண் இழந்தது தொழிலை.

என் மகளின் கலியாணம் 2014 ஆவணியில் நடந்தது. ஒரு கிழமைக்கு முன் என் கணவரின் தம்பி வந்து, கொட்டிலைத் திறந்து, இரண்டு நாள் பாடுபட்டுக் காரை இயங்க வைத்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என் நெஞ்சு பதறியது. மகள் ஓடி வந்து காரைத் தொட்டுப் பார்த்து அழுதாள்.

"அண்ணி, அண்ணையின்ர காரிலதான் பிள்ளை கோயிலுக்குப் போகவேணும். அரைக் கட்டை தூரம்கூட இல்லை" என்றார் தம்பி.

"காப்புறுதி இல்லையே தம்பி."

"கலியாணக் காரை ஆர் மறிக்கப் போறான்?"

"மறிக்கிறவரைப் பற்றி நான் கேக்கேல்லை. குறுக்கே வாறவரைப் பற்றித்தான் கேக்கிறன்" என்றேன்.

அவருக்குக் கோபம். மகளுக்கும் என்மீது வருத்தம். அந்த ஆசை எனக்கும் இல்லாமலில்லை. ஆனால் கால் முறிந்த அந்தப் பெண் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் வருவார், பொல்லு ஊன்றி அதே ஒழுங்கையால்தான் நடந்து வருவார் என்பதை நான் மறக்கவில்லை. மகள் ஒரு வாடகை வானில் கோயிலுக்குப் போனாள். கலியாணம் குறைவில்லாமல் நடந்தது.

லண்டனில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீ சொன்னதுதான் இங்கேயும் சட்டம்" என்றாள். அம்மாவைப் பார்க்க வந்து சில மாதங்கள் எங்களோடு நின்ற காலத்தில் அவள் தன் காரை அங்கே நிறுத்தி வைத்திருந்தாள். பிரித்தானியாவில் 1998 முதல் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. காரைத் தெருவில் ஓட்டமாட்டேன் என்று வாகன அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டால் வாகன வரி கட்டத் தேவையில்லை, காப்புறுதியும் கட்டாயமில்லை. 2011 முதல் அங்கே ஒரு கார் காப்புறுதியோடு இருக்க வேண்டும், அல்லது ஓடாதது என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், கார் அசையாமல் நின்றாலும் உரியவருக்குத் தண்டம் வரும்.

அப்படி அறிவித்த காரை வீட்டு வளவு போன்ற தனியார் இடத்தில்தான் வைத்திருக்கலாம். வீட்டுக்கு முன்னால் உள்ள தெருவில்கூட நிறுத்த முடியாது. கடைக்குப் போக எடுத்தாலும் குற்றம். நீதிமன்றம் 2,500 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். முன்கூட்டியே நேரம் குறித்த வருடாந்த வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதற்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அந்த ஒரு பயணத்துக்கும் காப்புறுதி இருந்தே ஆகவேண்டும். காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அதற்கு வேறாக 300 பவுண் தண்டமும் சாரதிப் பத்திரத்தில் 6 புள்ளிகளும்.

கடல் கடந்த அந்த நாட்டிலும் அப்பா சொன்ன அதே பிரிவுதான். வரிக்கு விலக்குக் கிடைக்கலாம். சில்லு தெருவில் பட்டவுடன் காப்புறுதிக்கு விலக்குக் கிடையாது.

எங்கள் காருக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. அது அவர் பெயரில் இருந்தது, அவர் எங்கே என்று தெரியாது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், காணாமற்போனவரின் மரணத்தைப் பதிவு செய்யலாம் என்று பலர் சொன்னார்கள். நான் அதற்குப் போகவில்லை. கண்ணால் காணாத ஒன்றுக்குக் கையொப்பம் இட என்னால் முடியவில்லை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பின்னர், இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழ் பெற வழி பிறந்தது. குடும்பத்தவர் அவருடைய சொத்துக்களைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும், நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அது உதவுகிறது. நான் அதைப் பெற்றுக்கொண்டேன். மரணப் பதிவா, இந்தச் சான்றிதழா என்பது ஒவ்வொரு பெண்ணும் தன் மனதைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். யாரும் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது.

அதன்பின் மகன் காப்புறுதி முகவரிடம் உண்மை முழுவதையும் சொன்னான். கார் யார் பெயரில் இருக்கிறது, அவர் நிலை என்ன, ஓட்டப்போவது யார் என்பதை எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்கினோம். எதையும் மறைத்துக் காப்புறுதி எடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது போன்றது. தேவை வரும்போது அதில் ஒன்றும் இருக்காது. மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிட்டு பிறேக்கும் ரயரும் சரிசெய்தோம். எல்லாம் முடிய இரண்டு ஆண்டுகள் சென்றன. பிறகுதான் கார் படலையைத் தாண்டியது. பேரப்பிள்ளை முன் ஆசனத்தில் இருந்தான்.

2022 இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் வீடுகளில் முடங்கியபோதும் இதே பிரச்சினையைப் பார்த்தேன். ஓடாத வாகனத்துக்கு ஏன் காசு என்று சிலர் காப்புறுதியைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். பெற்றோல் வந்ததும் சாவியைத் தேடினார்களே தவிர, கடதாசியில் உள்ள திகதியைத் தேடவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒரு வாகனம் நின்றால் இந்த மாதமே பெட்டியைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? வருமான அனுமதிப்பத்திரம் எந்தத் திகதியோடு முடிந்தது? காப்புறுதிச் சான்றிதழ் எந்தத் திகதியோடு முடிந்தது? ஓட்டும் எண்ணம் இல்லையென்றால் பிரதேச செயலகத்துக்குப் போய், ஓடாத வாகனமாக அறிவிக்கும் முறையைக் கேளுங்கள். கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கணவர் இறந்துவிட்டார் என்றால், வாகனத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவது பற்றி விசாரியுங்கள். சட்டச் சிக்கல் இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம். வசதி குறைந்தவர்களுக்காகவே அது இருக்கிறது.

யாராவது வாகனத்தைக் கேட்டு வந்தால், காப்புறுதி நடைமுறையில் இருக்கிறதா, கேட்பவரிடம் அந்த வகை வாகனத்துக்குரிய சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே சாவியைக் கொடுங்கள். இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லுங்கள். உறவுக்காரரின் கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிடும். முறிந்த கால் அப்படி ஆறுவதில்லை.