இரண்டாவது அழைப்பு

தியானப் பகுதி: லூக்கா 14:16-24



பெரிய விருந்தைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அதில் அழைப்பு இரண்டு முறை போகிறது என்பதை எளிதில் கவனியாமல் விட்டுவிடுகிறோம். முதலில் வீட்டெஜமான் அநேகரை அழைக்கிறான். பின்பு விருந்து வேளையில், முன்பே அழைக்கப்பட்டிருந்த அதே மனிதரிடம் ஊழியக்காரனை அனுப்புகிறான். சாக்குப்போக்குச் சொன்னவர்கள் அவர்களே.

அவர்கள் சொன்ன காரணங்களில் பாவமான காரியம் ஒன்றுமில்லை. வாங்கிய வயல், ஐந்து ஏர்மாடு, புதிதாய் நடந்த விவாகம். மூன்றும் தேவன் தரும் நன்மைகளே. இருவர் மரியாதையாக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்கள். ஆயினும் அவர்களுடைய இடம் வேறு மனிதருக்குப் போயிற்று.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் ஒரு வீட்டு வாசலுக்குத் திரும்புகிறது.

திருநெல்வேலிப் பகுதியில், ஒரு கிராமச் சேகரத்தில் நான் ஊழியம் செய்த காலம் அது. பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனம் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்தது. வியாழக்கிழமை மாலை, குருமனைத் திண்ணையில் அரிசிக்கும் விறகுக்கும் காய்கறிக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதங்களாகப் படுக்கையில் இருந்த ஒரு தாயாரின் மகள் வந்து நின்றார்.

“ஐயா, அம்மா திருவிருந்து எடுக்கணும்னு ஆசைப்படுறாங்க. இன்னைக்கு வர முடியுமா?”

“அசனம் முடியட்டும்மா. திங்கட்கிழமை காலையில கட்டாயம் வர்றேன்.”

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அந்த வீடு ஆலயத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

அசனம் நிறைவாக நடந்தது. பந்தி பந்தியாக ஜனங்கள் அமர்ந்து உண்டார்கள். அன்றிரவே அந்தத் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

வாக்களித்தபடி திங்கட்கிழமை காலையில் போனேன். கட்டிலின் அருகே ஒரு சிறிய மேசை. அதன்மேல் துவைத்து மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி. மகள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “வியாழக்கிழமையே ஐயா வந்துருவாங்கன்னு அம்மா துணி விரிக்கச் சொன்னாங்க. அப்புறம் அதை எடுக்க விடல” என்று மட்டும் சொன்னார்.

நான்கு நாட்கள் அந்த மேசை ஆயத்தமாயிருந்தது. ஆயத்தமில்லாதவன் நானே. அதுவரை அந்த உவமையில் என்னை ஊழியக்காரனாகவே எண்ணிப் பிரசங்கித்து வந்தேன். அன்றோ வயலைப் பார்க்கப் போனவனாக என்னைக் கண்டேன். சபை வேலையே என் வயலாயிருந்தது.

அந்தத் தாயார் பரமபந்தியில் குறைவின்றி அமர்ந்திருக்கிறார் என்று விசுவாசிக்கிறேன். அந்த விசுவாசத்தை என் தாமதத்திற்குச் சமாதானமாக வைத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

பிரியமானவர்களே, ஞானஸ்நானத்திலும் திடப்படுத்தலிலும் நாம் முதல் அழைப்பைப் பெற்றுக்கொண்டோம். இரண்டாவது அழைப்போ பெரும்பாலும் ஒரு சாதாரண வியாழக்கிழமையில், கணக்குப் புத்தகம் திறந்திருக்கும்போது வருகிறது. பேசாதிருக்கும் சகோதரனிடம் போய் ஒப்புரவாகும்படி வருகிறது. வாசலில் நிற்கும் அயலாரின் குரலாய் வருகிறது. சிறுவன் சாமுவேல் தன்னை அழைப்பவர் யாரென்று அறியாதபோதும் ஒவ்வொரு முறையும் படுக்கையை விட்டு எழுந்தான் (1 சாமுவேல் 3). எல்லா வேலையையும் முடித்துவிட்டு ஆயத்தமாவோம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. முடியாத வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கும் மனதே ஆயத்தம்.

அன்றுமுதல் திருவிருந்துப் பெட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். அழைப்பு வரும் நாளிலேயே போகப் பிரயாசப்படுகிறேன். இன்று உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பு எது? அதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்காதிருங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, உமது நன்மைகளையே உமக்கு மறுப்பாகச் சொன்ன எங்களை மன்னியும். நீர் அழைக்கும் வேளையில் எழுந்து வரும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.