நண்பர்கள் புறப்படும் கதைகள்

மிகுபுனைவு, அதாவது இயற்கை விதிகளை மீறிய ஆற்றல்கள் இயல்பாக உலவும் உலகைப் படைக்கும் கதைவகை, நட்போடு இணையும்போது எத்துணை இன்பம் தரும் என்பதற்கு, 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வெளிவந்த அமெரிக்க அசைபடத் தொடரான ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ மிகச் சிறந்த சான்றாகும். நூறாண்டுகள் பனிக்குள் உறைந்திருந்த ஆங் என்னும் 12 வயதுச் சிறுவன், நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகிய நான்கையும் ஆளக் கற்று ஒரு பெரும்போரை நிறுத்த வேண்டியிருப்பினும், தொடரின் உயிர் அப்போரில் இல்லை. பறக்கும் காட்டெருமையின் முதுகில் அவனோடு பயணம் செய்யும் கட்டாரா, சாக்கா ஆகியோரின் சண்டையிலும் சிரிப்பிலுமே அது இருக்கிறது. பார்வையற்றவளாயினும் நில அதிர்வுகளைப் பாதங்களால் உணர்ந்து உலகை அறியும் டாஃப், அக்குழுவின் ஈடற்ற படைப்பு. பகைவனாகத் துரத்தி வந்த இளவரசன் சூக்கோ இறுதியில் நண்பனாகும் மாற்றமோ, அவசரமின்றி, மூன்று பருவங்களில் மெல்ல நிகழ்கிறது.

அறிவியல் புனைவை, அதாவது அறிவியலின் எதிர்கால வாய்ப்புகளைக் கற்பனையால் விரிக்கும் கதைகளை விரும்புவோர்க்கு, ஒரு பழைய விண்கலத்தில் வாழும் ஒன்பது பேரைப் பற்றிய ‘ஃபயர்ஃபிளை’ (2002) என்னும் தொடர் உண்டு. அது 14 பகுதிகளே கொண்டது.

‘அவதார்’ தொடரின் தொடக்கப் பகுதிகள் சிறுவர்க்கு மட்டுமே உரியனவாகத் தோன்றக்கூடும். பார்ப்போர் அதற்காக விலகிவிடாமல், இரண்டாம் பருவம் வரையேனும் தொடர வேண்டும்.