கண்ணாடித் துண்டுக்குள் ஆர்?

1990களில் வன்னியில், ஜெயபுரத்தில் எங்களுக்கு மின்சாரம் கிடையாது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தங்கவிலை விற்றது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துத் துளி எண்ணெயில் எரியும் விளக்கடியில்தான் இரவுப் படிப்பு. அதனால் ஆங்கிலத்தைப் பகலிலேயே, மரமுந்திரிகை நிழலில், மண்டைக்குள் ஏற்றிவிட வேண்டும்.

ஒருநாள் எங்கள் ஆங்கில ரீச்சர் கைப்பையிலிருந்து உடைந்த கண்ணாடித் துண்டொன்றை எடுத்து என்னிடம் நீட்டினா. ஓரம் கையைக் கீறாமலிருக்கச் சீலைத்துணி சுற்றியிருந்தது.

"தம்பி, உள்ளுக்கு ஆரைப் பாக்கிறாய்?"

"என்னைத்தான் ரீச்சர்."

"அப்ப இங்கிலிசில எழுது."

'ஐ சீ மீ' என்று எழுதினேன். வகுப்பு முழுக்க அதையேதான் எழுதியிருந்தது. ரீச்சர் ஏசவில்லை. கரும்பலகையில் இரண்டு தமிழ் வசனங்கள் எழுதினா: 'அவன் அவனைப் பார்த்தான்', 'அவன் தன்னைப் பார்த்தான்'. முதலாவதில் எத்தனை பேர் என்று கேட்டா. இரண்டு பேர் என்றோம். இரண்டாவதில் ஒருவன்தான். "ஹிம் எண்டா அவனை, ஹிம்செல்ஃப் எண்டா தன்னை. தமிழில படர்க்கைக்கு மட்டும்தான் இந்தத் 'தன்'. இங்கிலிசில எனக்கும் உனக்கும்கூட வேணும்" என்றா. அந்த ஒரு வசனத்தில் எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. 'மீ' ஏன் பிழை, 'மைசெல்ஃப்' ஏன் சரி என்பது இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு வந்தவை மனப்பாடம்தான். மைசெல்ஃப் போல ஹிஸ்செல்ஃப் வராது, ஹிம்செல்ஃப்தான். பன்மைக்குச் செல்வ்ஸ். நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே 'யூ' வைத்திருக்கும் ஆங்கிலம், ஒருவரா பலரா என்பதை யுவர்செல்ஃப், யுவர்செல்வ்ஸ் என்று இங்கே காட்டிக்கொடுத்துவிடுவது எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. அழுத்திச் சொல்லும் நம் ஏகாரத்துக்கும் அதே சொல்தான். அம்மாவே கிணற்றில் தண்ணி அள்ளினா என்பதை 'மதர் ஹெர்செல்ஃப்' என்று தொடங்கி எழுதி, கொப்பியில் சரி வாங்கினேன்.

அந்தக் கொப்பியை வளர்ந்த பிறகும் வைத்திருந்தேன். 2008இல் சண்டை நெருங்க இடம்பெயர்ந்தபோது அது வீட்டோடு போய்விட்டது.

இன்று வன்னியில் ஆங்கிலம் படிப்பிக்கும் தம்பி, தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்கிறேன். மைசெல்ஃப், ஹிம்செல்ஃப் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுமுன் பிள்ளையின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுங்கள். 'தன்னை'யிலிருந்து தொடங்குங்கள்.