தேரும் காரும்

தமிழர் நெஞ்சில் கொடை என்னும் சொல்லோடு ஒட்டி நிற்கும் பெயர் பாரி. கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்கொடிக்குத் தான் ஏறிவந்த தேரையே ஈந்தான் அப்பறம்புமலைத் தலைவன் என்று சங்க நூல்கள் போற்றுகின்றன. ஒரு கோலை நட்டால் போதாதோ, கொடிக்குத் தேர் எதற்கு என்று வினவுவாரும் உளர். அவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. பெறுவார்க்குப் பயன்படாத அரும்பொருளைக் கொடுப்பது கொடையாகுமா என்னும் பெரிய கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது.

தலைநகரில் கோல் மார்க்கெட்டைச் சூழ்ந்து வாழும் தமிழன்பர் சிலர் நாங்கள். அரசுப்பணியின் பொருட்டு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டவர்கள். 1921ஆம் ஆண்டில் எழுந்த அவ்வட்டக் கட்டடத்தின் அருகே மாலையில் நடைபயிலும்போது இலக்கியம் பேசுவது எங்கள் வழக்கம். முற்கூறிய கேள்வியை எங்களிடையே எழுப்பியது ஒரு கார். முல்லைக்குரிய பெரும்பொழுதும் கார்தானே என்று ஒருவர் நயம்பட உரைத்தார். ஆனால் யாங்கள் பேசியது ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் பிறந்த வண்டியைப் பற்றி.

சுசுகி நிறுவனத்தின் கூட்டுறவால் உருவான மாருதி 800 வண்டியின் முதற்சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் 1983 டிசம்பர் 14ஆம் நாள் வழங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் நண்பர் ஒருவர், சிறுகச் சேர்த்த பணத்தில் அத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். விரைந்து பாயும் ஸ்போர்ட்ஸ் கார் அன்று அது. எனினும் அவர் அதனைப் பட்டத்து யானையைப் போலப் பேணினார். முதுமை வந்தது, துணைவியாரும் மறைந்தார். வண்டியை ஒரு முதியோர் இல்லத்திற்கு அளித்துவிட எண்ணினார். பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்னும் ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. ஓடாத வண்டியைப் பெற்று இல்லத்தார் என் செய்வர்? முல்லைக்குத் தேர் என்ற கதைதான்.

அரிய கார்களை அறத்திற்கு ஈவோர் மேலைநாட்டில் வேறு வழி கண்டிருக்கின்றனர். 2019 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் டொயோட்டா நிறுவனம் தன் புதிய சுப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் முதல் வண்டியை ஏலத்திற்கு அளித்தது. அன்று ஐம்பதாயிரம் டாலரை ஒட்டி விலைபெற்ற அவ்வகைக் கார், முதலாவது என்னும் ஒரே சிறப்பால் 21 லட்சம் டாலருக்குப் போயிற்று. இதயநோய் ஒழிக்கப் பாடுபடும் சங்கத்திற்கும், போரில் காயமுற்ற வீரர்க்கு உதவும் அறக்கட்டளைக்கும் அப்பணம் சென்றது. இது விளம்பரமன்றோ என்றார் எங்களுள் ஒருவர். கைம்மாறு கருதாமையை ஒப்புரவின் இலக்கணமாக வைத்தவர் வள்ளுவர். அவ்வளவுகோலுக்கு இது முற்றும் பொருந்தாது. எனினும் நோயாளியின் கைக்குச் சேர்ந்த மருந்து மருந்தே.

இவ்வழியில் நம் நாட்டிலேயே முன்னோடியாக நின்றவர் அன்னை தெரசா. 1964 டிசம்பரில் பம்பாயில் நடந்த நற்கருணை மாநாட்டிற்கு வந்த போப்பாண்டவர் ஆறாம் பவுல், தாம் பயன்படுத்திய வெண்ணிற லிங்கன் காரை அவருக்கு அளித்துச் சென்றார். அன்னையார் அதனைத் தம் பயணத்திற்கு வைத்துக்கொள்ளவில்லை. பரிசுச்சீட்டுக் குலுக்கலுக்கு விட்டார். செல்வர் ஒருவருக்கு விற்றால் ஒருவர் பணமே வரும். சீட்டாக்கினால் பலருடைய சிறுதொகை ஒன்றுதிரளும். அவ்வாறு திரண்ட பணம் அசன்சோலை அடுத்த சாந்தி நகரில் தொழுநோயாளர் குடியிருப்பு எழ உதவியது. நான் தந்த காரை என் செய்தாய் என்று கொடுத்தவர் கேட்கவில்லை. கொடுத்தபின்னும் பொருளின்மேல் உரிமை கொண்டாடுவோமாயின் நாம் கொடுத்தது கடனே.

இவற்றையெல்லாம் கேட்ட நண்பர் நேரே இல்லத்திற்குச் சென்று, உங்கட்கு வேண்டுவது யாது என வினவினார். வண்டி வேண்டா, படுக்கையில் கிடப்போர்க்கு மருந்துச்செலவே சுமையாக உள்ளது என்றனர். நம் வருமானவரிச் சட்டமும் பொருளாகத் தரும் கொடைக்குச் சலுகை தருவதில்லை. பணமாகத் தருவதற்கே தருகிறது. ஆனால் நண்பரைத் தயங்கச் செய்தது சட்டமன்று. இல்லத்தின் வாயிலில் தம் வண்டி நிற்பதை அவ்வப்போது சென்று காணலாம் என்னும் ஆசை அவருள் இருந்தது. விற்றுக் கொடுத்தால் அவ்வாசையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பல நாள் எண்ணிய பின், பழைய வண்டிகளைத் திரட்டிக் காக்கும் வெளியூர் அன்பர் ஒருவர்க்கு விற்றார். பதிவுப் பெயரையும் முறைப்படி மாற்றிக் கொடுத்து, பெற்ற தொகை முழுவதையும் இல்லத்தில் சேர்த்தார்.

வண்டியை ஏற்றிச்செல்ல லாரி வந்த காலையில் யாங்களும் உடனிருந்தோம். தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார் அவர். பின்பு சாவியைக் கொடுத்துவிட்டு எங்களோடு நடந்தார். தேரின்றிப் பறம்புக்குத் திரும்பிய பாரியின் நடையைப் புலவர் எவரும் பாடவில்லை. அந்நடை எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை அன்று ஒருவாறு உணர்ந்தோம்.